ஷோகேஸில் ஒரு ரூட்டர், திரைக்குப் பின்னால் ஒரு மோடம்

கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டுக்கு இணையம் வந்தபோது கூடவே இரண்டு பெட்டிகள் வந்தன. ஒன்று அண்ணன் கல்ஃபிலிருந்து அனுப்பியது. இன்னொன்று நானும் அப்பாவும் தாம்பரத்துக்குப் போய் வாங்கியது. வேலை செய்தது இரண்டாவது பெட்டி, பேர் வாங்கியது முதல் பெட்டி. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதோம் என்று முடியும் கதையை எதிர்பார்த்து வந்தவர்கள் இந்த ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொள்ளலாம்.

அப்போது நான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையில் இருந்தேன். அந்த நாட்களில் பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் தெருவுக்கு ஒரு பெண்ணாவது அந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு, என்ன உபாதை, என்ன மருந்து என்று வாயால் சொல்லிப் பதிவு செய்வார். அந்தக் குரல் எங்களுக்கு வரும். காதில் ஹெட்போன், காலடியில் தையல் மெஷின் மிதி மாதிரி ஒரு பெடல். மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். கேட்டதைத் தப்பில்லாமல் டைப் அடித்து அங்கே பொழுது விடிவதற்குள் அனுப்ப வேண்டும். அங்கே விடிவது என்றால் இங்கே சாயங்காலம். எத்தனை வரி அடித்தோமோ அதற்குத்தான் சம்பளம், ஆகவே வேகம்தான் எல்லாம்.

அந்த வேகத்துக்கு ஒரு வழி வைத்திருந்தோம். அடிக்கடி வரும் வார்த்தைகளுக்கும் வாக்கியங்களுக்கும் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்றைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்து வைப்போம். மூன்று எழுத்தைத் தட்டினால் போதும், 'நோயாளிக்கு நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இல்லை' என்று ஒரு வரி முழுக்கத் திரையில் விரியும். யாரும் இதை இனாமாகத் தர மாட்டார்கள், அவரவர் சேர்த்துக்கொள்வதுதான். ஒரு டாக்டர் எப்போது இருமுவார், எந்த வாக்கியத்தை எந்த வாக்கியத்துக்குப் பிறகு சொல்வார் என்பதெல்லாம் பழகிப் பழகி நான் வருஷக்கணக்கில் சேர்த்த சுருக்கங்கள் என்னிடம் இருந்தன. என் விரல்களில் பாதி அந்த ஃபைலில்தான் இருந்தது.

பல்லாவரத்தில் இருந்த எங்கள் ஆபீஸை மூடப்போவதாக ஒரு நாள் சொன்னார்கள். வீட்டில் பிராட்பேண்ட் வைத்துக்கொள்பவர்கள் வீட்டிலிருந்தே தொடரலாம், மற்றவர்கள் மாசக் கடைசியோடு கிளம்பலாம். எனக்கு அந்த வேலை வேண்டும். அது போனால் அடுத்தது என்ன என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மாடம்பாக்கத்து அத்தை மாதம் ஒரு வரன் கொண்டுவருவாள், நான் காபித் தட்டோடு வந்து நிற்க வேண்டும். வேலை இருக்கிறவரை 'அவளுக்கு ஷிஃப்ட்டு' என்று சொல்லி அம்மா தள்ளிப்போட முடியும். அதனால் பிராட்பேண்ட் என்பது எனக்கு வசதி இல்லை, வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள்.

அப்பா உடனே சரி என்றார். திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எந்த நட்டுக்கு எந்த போல்ட் என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்தவருக்கு இதுவும் பிடித்துப்போனது. டெலிபோன் ஆபீஸுக்கு அவரே போய் எழுதிக் கொடுத்தார். எல்லாவற்றிலும் குறைந்த திட்டம், இருநூற்று ஐம்பத்தாறு ஸ்பீடு. டைப் அடித்த பக்கங்கள் போக, குரல் ஃபைல்கள் வர அது தாராளம். மோடத்தை அவர்களிடம் வாடகைக்கும் வாங்கலாம், நாமே கடையிலும் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அந்த வாரம் அண்ணன் போன் செய்தான். அவன் கல்ஃபில் ஒரு கட்டடக் கம்பெனியில் சைட் சூப்பர்வைசர். அறுபது டிகிரி வெயில் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். கம்ப்யூட்டரில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே நெட் சென்டரில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான். ஆனால் ஃபாரின் நம்பரிலிருந்து பேசினால் எங்கள் வீட்டில் எல்லாம் தெரிந்தவன் ஆகிவிடலாம்.

"அங்க எதையும் வாங்காதீங்கப்பா. அவனுங்க குடுக்கறதெல்லாம் டப்பா மாடல். நான் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், ரூம்மேட் வரான், குடுத்தனுப்பறேன். அம்பத்தி நாலு ஸ்பீடுப்பா, பறக்கும்!"

அப்பா போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "ஏம்மா, நம்ம லைனு இருநூத்தி அம்பத்தாறு. இவன் அம்பத்தி நாலுங்கறான். கம்மியா இல்ல இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "அது கிராம் கணக்குப்பா. இது கிலோ கணக்கு. நம்ம லைன் கால் கிலோ. அண்ணன் அனுப்பறது அம்பத்தி நாலு கிலோ வரைக்கும் தாங்கும்."

"அப்போ கால் கிலோ சக்கரை வாங்க எதுக்கு அவ்ளோ பெரிய கோணி?" என்றார் அப்பா. அவ்வளவுதான், அவருக்குப் புரிந்துவிட்டது. மோடம், ரூட்டர் பற்றி அதன் பிறகு நான் படித்த எத்தனையோ கட்டுரைகளில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிப் பார்க்கவில்லை.

ரூம்மேட் வந்தார். முகப்பவுடர், தைல பாட்டில், பால்பவுடர் டின், சாக்லேட் இவற்றுக்கு நடுவில் பளபளவென்று ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே இரண்டு கொம்பு வைத்த நீலநிறப் பெட்டி. அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்னால் வரிசையாக ஐந்து துளைகள், எல்லாம் கம்ப்யூட்டர் வயருக்கான அகலத் துளைகள். டெலிபோன் வயர் போகும் சின்னத் துளை ஒன்றுகூட இல்லை. கூட வந்த புத்தகத்தைப் படித்தேன். இது வந்த நெட்டைப் பல கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, பேர் ரூட்டர். டெலிபோன் லைனிலிருந்து நெட்டை இறக்கித் தரும் மோடம் இதில் கிடையாது. நம்மிடம் இருப்பதோ ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர்.

இதைச் சொன்னேன். அம்மா என்னை முறைத்தாள். "அவ்ளோ தூரத்துலேர்ந்து பாத்து வாங்கி அனுப்பியிருக்கான். உனக்கு அதுல குத்தம் கண்டுபிடிக்கணும்."

லைன் கொடுக்க டெலிபோன் ஆபீஸ் ஆள் வந்தபோது அம்மாவே அந்தப் பெட்டியை ஏந்திக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தாள்.

"இன்னாம்மா இது? மோடம் எங்க கீது?"

"இதான்பா, ஃபாரின்லேர்ந்து வந்தது."

"இதுல லைன் போறதுக்கு எடமே இல்லியே."

அம்மா டெலிபோன் வயரை வாங்கி அகலத் துளை ஒன்றில் தானே சொருகினாள். அந்தச் சின்ன முனை பெரிய துளைக்குள் லொடலொட என்று போகவும் செய்தது. "போகுதே!" என்றாள் வெற்றியோடு.

"போவும்மா. எங்க வூட்டு ஆட்டுக்கு என் செருப்பு மாட்டினாகூடப் போவும். நெட்டு வராது." அவர் தன் பையை எடுத்துக்கொண்டார். "மோடம் வாங்கினு வந்து போன் பண்ணுங்க." கரண்ட் கொடுத்தவுடன் அந்த நீலப் பெட்டியில் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. அம்மாவுக்கு அது போதும், தப்பு அந்த ஆளிடம்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலையில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "கிளம்பும்மா, தாம்பரம் போய்ட்டு வந்துடலாம்" என்றார். என் வாழ்க்கையில் அப்பாவோடு போன பயணங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கடைசி நல்ல பயணமும் அதுதான்.

மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் இருந்தது கடை. கடைக்காரர் வழக்கம்போல் விலை அதிகமானதிலிருந்து ஆரம்பித்தார். வயர்லெஸ், நாலு கம்ப்யூட்டர் போடலாம், ஃப்யூச்சர்ல ஸ்பீடு ஏறினா கவலையே இல்லை மேடம். நான் கேட்க வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். இது டெலிபோன் லைனில் வேலை செய்யுமா, கேபிள் கனெக்‌ஷனுக்கா? எங்கள் ஏரியா டெலிபோன் ஆபீஸ் லைனில் ஏற்கெனவே யாராவது போட்டு ஓடுகிறதா? ஒருவர் போன் பேசும்போது நெட் அறுந்துவிடாமல் இருக்கப் பிரிப்பான் கூட வருமா? மலிவான ஒரு மாடல் இருந்தது, கம்ப்யூட்டரின் யூஎஸ்பியில் சொருகுவது. என் பழைய கம்ப்யூட்டர் அதோடு மல்லுக்கட்டும் என்று ஆபீஸில் கூட வேலை பார்த்த பெண் எச்சரித்திருந்தாள். அதைத் தள்ளிவிட்டேன்.

கடைக்காரர் சலித்துப்போய் அப்பாவைப் பார்த்தார். "சார், நீங்க சொல்லுங்க."

"அவதாங்க சொல்லணும். அவ லைனு, அவ வேலை" என்றார் அப்பா. "எங்களுக்குக் கால் கிலோதான். அதுக்கு ஏத்த பையா குடுங்க."

கடைசியில் நாங்கள் எடுத்தது உள்ளங்கையளவு வெள்ளைப் பெட்டி. ஒரு டெலிபோன் துளை, ஒரு கம்ப்யூட்டர் துளை, நாலு விளக்கு. கொம்பு இல்லை, பளபளப்பு இல்லை. என் சம்பளத்தில் வாங்கினேன். திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு, அட்டையில் அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வந்தார். பெருமையாக இருந்தது. அவருக்கு என்னைப் பார்த்து, எனக்கு அவரைப் பார்த்து.

டெலிபோன் ஆபீஸ் ஆள் மறுபடி வந்து வயரை மாட்டிக் கொடுத்தார். லைன் விளக்கு முதலில் விட்டுவிட்டு எரியும், பிறகு நிலையாக எரிய வேண்டும். அது நிலைத்தவுடன் அப்பா கை தட்டினார். நான் முதல் ஃபைலை அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது. மாசக் கடைசிக்கு முன்னால் கம்பெனியில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் பட்டியலில் என் பெயரும் சேர்ந்துவிட்டது.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "வாங்கினது வாங்கிட்டீங்க. அவன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. அவன் அனுப்பினதுதான் ஓடுதுன்னு சொல்லுங்க. மனசு கஷ்டப்படும்." சரி, இதில் என்ன வந்தது என்று நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு லீவு. அவன் அங்கே நெட் சென்டரில் உட்காருவான், நாங்கள் இங்கே என் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவோம். திரையில் அவன் முகம் கட்டம் கட்டமாக வரும். அம்மா திரையைத் தொட்டுப் பார்ப்பாள். அந்த நேரத்துக்கு நான் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து இடம் கொடுக்க வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வெள்ளியும் அவன் முதல் கேள்வி இதுதான். "எப்டிப்பா ஓடுது நம்ம ரூட்டர்?"

"ராஜா மாதிரி ஓடுதுப்பா" என்பார் அப்பா. முதல் வெள்ளியன்று என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுத்தான் சொன்னார். பிறகு கண்ணடிப்பது நின்றுபோனது. சொல்வது மட்டும் தொடர்ந்தது.

ஒரு பொய்யைக் காப்பாற்ற வீட்டில் எவ்வளவு மராமத்து வேலை நடக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். நீலப் பெட்டி ஹாலில் ஷோகேஸுக்குப் போனது. பொம்மைகளுக்கும் அண்ணன் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கேடயத்துக்கும் நடுவில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்துக் கரண்ட் கொடுத்து, இரவும் பகலும் பச்சை விளக்கு. பின்னால் சும்மா ஒரு துண்டு டெலிபோன் வயரைச் சொருகி, மறு முனையை ஷோகேஸுக்குப் பின்னால் விட்டிருந்தார் அப்பா. கம்ப்யூட்டர் கேமராவில் அண்ணனுக்குத் தெரிந்துவிடும் என்று என் மோடம் மேஜையிலிருந்து இறங்கி ஜன்னல் கட்டைக்குப் போனது. அது போதாமல் அதன் மேல் ஜன்னல் திரை. திரைக்குள் காற்றில்லாமல் சூடாகி அது அடிக்கடி மயங்கிவிடும். நடுவில் எழுந்து போய், அணைத்து, ஆறவைத்து, திரும்பப் போடுவேன். கடைசியில் அடியில் ஒரு இட்லித் தட்டைக் கவிழ்த்து வைத்தேன், கொஞ்சம் தேவலாம்.

அத்தை வந்தால், "இதான் புள்ள அனுப்பினது" என்று ஷோகேஸ் காட்டப்படும். பக்கத்து வீட்டுக்காரர், கேஸ் சிலிண்டர் போட வந்தவர், எல்லாருக்கும் காட்டியாகிவிட்டது. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் டைப் அடித்துக்கொண்டிருப்பேன். யாரோ அமெரிக்கக் கிழவரின் முட்டி வலி காதில் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்த கோடையில் அண்ணன் லீவில் வந்தான். வந்தவுடன் ஷோகேஸ் முன்னால் நின்றான். அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கே ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. கறுத்து, இளைத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தான். நண்பர்களைக் கூட்டி வந்தான். "மச்சான், இது அங்க வாங்கினது, இங்க கெடைக்காது" என்றான். பிறகு என் பக்கம் கையைக் காட்டினான். "மேடத்துக்கு ஜாலி. அண்ணன் புண்ணியத்துல வீட்லயே உக்காந்து சம்பாரிக்கறா." எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். என் பாவமெல்லாம் அங்கேயே தீர்ந்துபோனது.

அந்த நாள் மத்தியானம் நான் முடித்த ஃபைல்களை அனுப்பப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அண்ணன் அங்கிருந்து புதுத் திரைத்துணி கொண்டுவந்திருந்தான். அம்மாவுக்கு அதை உடனே மாட்டிப் பார்க்க வேண்டும். அண்ணன் ஸ்டூல் போட்டு ஏறிப் பழைய திரையைக் கழற்றினான்.

"என்னம்மா இது, இட்லித் தட்டு மேல ஏதோ டப்பா? செம சூடா இருக்கு. ஷாக் அடிச்சுத் தொலைக்கப் போகுது." நான் எச்சில் கையோடு ஓடி வருவதற்குள் வயர்களைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். என் கம்ப்யூட்டர் திரையில் ஃபைல் பாதியில் நின்றிருந்தது.

"அண்ணா, அதை எடுக்காதே. அதுதான் மோடம். நெட்டு அதுலதான் வருது."

"நெட்டு ரூட்டர்ல வருதுடீ. உனக்கு என்ன தெரியும்?"

"நீ அனுப்பினதுல லைனே போகாது. அது சும்மா ஷோவுக்கு எரியுது. இதை நானும் அப்பாவும் தாம்பரத்துல வாங்கினோம். வேணும்னா அப்பாவைக் கேளு."

சொல்லிவிட்டேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் ஸ்டூல் மேல் நின்றபடியே அப்பாவைப் பார்த்தான். அவன் முகம் சின்னப் பிள்ளை முகமாக ஆகிவிட்டிருந்தது. "என்னப்பா சொல்றா இவ?"

அப்பா ஈஸிசேரில் பேப்பரோடு இருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஷோகேஸைப் பார்த்தார். "லைட்டு எரியுதுல்ல? அப்புறம் என்ன?" என்றார். "அது டெலிபோன்காரன் என்னைக்கோ விட்டுட்டுப் போன டப்பா. அவ ஏதாவது சொல்லுவா, விடு."

அடி விழுந்தால்கூட அப்படி வலித்திருக்காது. 'அவ லைனு, அவ வேலை' என்று கடைக்காரரிடம் சொன்ன அதே வாய். மடியில் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வந்த அதே பெட்டியை, யாரோ விட்டுவிட்டுப் போன டப்பா என்று சொன்னது. நான் அவர் முன்னால் போய் நின்று, "அப்பா" என்று மட்டும் கூப்பிட்டேன். அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

சண்டை போட எனக்கு நேரமில்லை. அமெரிக்காவில் விடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கையைக் கழுவிவிட்டு, முடித்த ஃபைல்களைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன். மேடவாக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. அங்கே வேர்த்து வழியும் அறையில், பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவர்களோடு காத்திருந்து, இடம் கிடைத்தபின் ஒவ்வொன்றாக அனுப்பினேன். எல்லாம் போய்ச் சேர்ந்தது. வேலை பிழைத்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

என் கம்ப்யூட்டரில் நீலத்திரை. அதில் ஒரு மஞ்சள் பட்டை இடமிருந்து வலமாக வளர்ந்துகொண்டிருந்தது. அண்ணன் என் நாற்காலியில் இருந்தான். அப்பா பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, சிடி உறையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"நெட்டு வரல. ரூட்டர்ல லைட்டெல்லாம் எரியுது, அப்போ ப்ராப்ளம் கம்ப்யூட்டர்லதான்" என்றான் அண்ணன் திரும்பாமலே. "முழுக்க வைரஸ். ஃபார்மட் போட்டுட்டேன். புதுசு மாதிரி ஆயிடும் பாரு."

ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பது. கம்ப்யூட்டருக்குச் சளி பிடித்தால்கூட அந்தக் காலத்துப் பையன்களிடம் இருந்த ஒரே மருந்து அதுதான்.  ஆனாலும் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. சுருக்கங்களின் பிரதி ஒன்றை டி டிரைவில் வைத்திருந்தேன், ஃபார்மட் போடுகிறவர்கள் பொதுவாக சி டிரைவை மட்டும்தான் அழிப்பார்கள்.

"டி-யைத் தொடலையே?"

"அதையும் காலி பண்ணிட்டேன். வைரஸ் அங்கயும் ஒளிஞ்சிருக்கும்."

நான் கத்தினேன். தெரு கேட்கும்படி கத்தினேன். என் வருஷங்களைத் துடைத்துப் போட்டுவிட்டாயே என்றேன். "லீவுல வந்த புள்ளகிட்ட இப்படியா?" என்று அம்மா அழுதாள். "நாலு ஷார்ட்கட்டுதானே, திரும்ப அடிச்சுக்கோ" என்றான் அண்ணன். அப்பா சிடி உறையை மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை, ஜன்னலில் பிடுங்கிப்போட்ட வயரை மாட்டினால் போதும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பட்டை வளர்ந்த நேரமெல்லாம் தெரிந்துகொண்டுதான் விசிறிக்கொண்டிருந்தார்.

அண்ணன் குளிக்கப் போன நேரத்தில் அவரே உள்ளே வந்தார். ஜன்னல் கட்டையில் மோடத்தை இட்லித் தட்டின் மேல் பழையபடி வைத்து, வயர்களை மாட்டி, புதுத் திரையை இழுத்துவிட்டார். அண்ணன் தலை துவட்டிக்கொண்டு வந்து பார்த்தான், நெட் வந்துவிட்டது. "பாத்தியா? நான்தான் சொன்னேனே!" என்று என் முதுகில் தட்டினான். ரூட்டர் பேரும் அவனுக்கு, வைத்தியர் பேரும் அவனுக்கு.

அவன் ஊருக்குப் போன மறுநாள் காலை அப்பாவிடம் கேட்டேன். "ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?"

"அவன் அங்க வெயில்ல சாகறான்மா" என்றார். "இந்த வூட்ல அவன் வாங்கிக் குடுத்து ஓடற பொருள்னு அது ஒண்ணுதான் இருக்கு. நீ கெட்டிக்காரி, நீ சமாளிச்சுக்குவ."

அண்ணன் வெயிலில் இருந்தது உண்மை. அவனுக்கு ஒரு பெருமை வேண்டியிருந்தது என்பதும் உண்மை. அதை என் கையிலிருந்து எடுத்துத்தான் அவனுக்குக் கொடுக்க வேண்டுமா? கெட்டிக்காரி என்று சொல்லிச் சொல்லியே பெண்களிடமிருந்து எவ்வளவு பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று நினைக்கும்போது அந்த வார்த்தையே எனக்குக் கசந்துபோனது. இன்றைக்கும் யாராவது என்னை அப்படிச் சொன்னால் எதைக் கேட்கப்போகிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

நான் சமாளிக்கவில்லை. சுருக்கம் போனபின் என் வேகம் பாதிக்கும் கீழே விழுந்தது. பழக்கத்தில் விரல் மூன்று எழுத்தைத் தட்டும், திரையில் அந்த மூன்று எழுத்து அப்படியே நிற்கும். அழித்துவிட்டு முழு வாக்கியத்தையும் அடிப்பேன். ஃபைல்கள் தாமதமாயின, அவசரத்தில் பிழைகள் வந்தன. கம்பெனி கொஞ்ச நாள் பொறுத்தது. பிறகு என் டாக்டர்களை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டது. அத்தை சரியாக மூக்கில் வியர்த்ததுபோல் அடுத்த வாரமே ஒரு ஜாதகத்தோடு வந்தாள்.

காபித் தட்டை நான் எடுக்கவில்லை. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஓர் ஆபீஸில் ஆரம்பச் சம்பளத்துக்கு வேலை கேட்டு வாங்கினேன். பக்கத்திலேயே ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சேர்ந்தேன். கீழ்க்கட்டளையிலிருந்து தினம் போய்வரக்கூடிய தூரம்தான். போய்வர எனக்கு இஷ்டமில்லை. துணிமணிகளை எடுத்துவைத்த பிறகு ஜன்னல் திரையை விலக்கி, மோடத்தைக் கழற்றி, பிரிப்பானோடு அதன் பழைய அட்டைப்பெட்டியிலேயே போட்டு எடுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு, இட்லித் தட்டைக் கழுவி அடுக்களையில் வைத்தேன். அப்பா வாசலில் நின்று என் பையை ஆட்டோவில் ஏற்றினார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

ஹாஸ்டலில் அந்த மோடத்துக்கு ஒரு லைனும் கிடையாது. கட்டிலுக்கு அடியில் சும்மாதான் கிடந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை என் செல்லுக்கு அப்பா கூப்பிட்டார். சாப்பிட்டியா, ரூம்ல ஃபேன் இருக்கா என்றெல்லாம் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, கம்ப்யூட்டர்ல அண்ணன் முகம் வரலம்மா. அவன் அங்க காத்துக்கிட்டு இருப்பான். ரூட்டர்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. லைட்டெல்லாம் எரியுது."

"லைட்டு எரியுதுல்ல?" என்றேன். "அப்புறம் என்னப்பா?"

  அவருக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவ எடுத்துக்கிட்டுப் போயிட்டான்னு அவன்கிட்ட சொல்லிடாதீங்க. லைன் ரிப்பேர்னு சொல்லுங்க."

"சரி" என்றார் அப்பா. என்னிடம் இல்லை, அவளிடம்.